அமெரிக்காவில் விலைபோகாத தங்கம்

'தி இத்தாலியன் ஜாப்' படத்தை, அதாவது 1969இல் வந்த மூலப்படத்தை, அண்மையில் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கடைசியில் முடிவும் இல்லை. ஆங்கிலேயர்கள் ஏன் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்? வந்தபோதே இது வெற்றிப் படமா? 2003இல் அமெரிக்கர்கள் எடுத்ததைப் பார்த்தால் போதாதா?"

முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். 1969 ஜூனில் இங்கிலாந்தில் வெளியானபோது படம் நன்றாகவே ஓடியது. ஆனால் இன்று அதற்கு இருக்கும் மரியாதை அன்று இல்லை. பார்த்தார்கள், சிரித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். காவியம் என்று யாரும் சொல்லவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவுக்குப் போனது. அங்கே எடுபடவே இல்லை. பணம் போட்ட பாரமவுண்ட் அமெரிக்க நிறுவனம். அதனால் லண்டன் வசூலைவிட அமெரிக்கத் தோல்விதான் கணக்கில் பெரிதாக ஏறியது. மனத்தில் வைத்திருந்த இரண்டாம் பாகமும் அதோடு போயிற்று. இன்றைய புகழ் திரையரங்கில் கிடைத்ததல்ல. வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால், விடுமுறை நாள் மதியங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சார்லி குரோக்கர் என்ற திருடன் சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறான். மைக்கேல் கெயின் நடித்திருக்கிறார். காதலி ஒரு சொகுசுக் காரில் வந்து அழைத்துப் போகிறாள். யாருடைய கார் என்று கேட்டால், பாகிஸ்தான் தூதருடையதாம். வெளியே வந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் திருட்டுக் காரில் உட்கார்ந்திருக்கிறேனே என்று அலுத்துக்கொள்கிறான். இறந்துபோன கூட்டாளி ஒருவனின் திட்டம் அவன் கைக்கு வருகிறது. இத்தாலியின் டூரின் நகரத்தில், ஃபியட் நிறுவனம் சீனாவில் கட்டப்போகும் கார்த் தொழிற்சாலைக்கு முன்பணமாக 40 லட்சம் டாலர் தங்கம் வந்து இறங்குகிறது. நகரத்தின் போக்குவரத்து விளக்குகளை இயக்கும் கணிப்பொறியைக் கெடுத்து, ஊரையே நெரிசலில் நிறுத்திவிட்டு, அந்தத் தங்கத்தை மூன்று மினி கூப்பர் கார்களில் ஏற்றிக்கொண்டு, மற்ற வண்டிகள் போக முடியாத வழியிலெல்லாம் போய்விடுவது. இவ்வளவுதான் திட்டம்.

இந்தத் திருட்டுக்கு முதல் போடுகிறவர் திருவாளர் பிரிட்ஜர். அவரும் சிறையில்தான் இருக்கிறார். ஆனால் கைதி மாதிரியா இருக்கிறார்? காவலர்கள் வழிவிட்டு ஒதுங்குகிறார்கள். அறைச் சுவரெங்கும் அரசியின் படங்கள். நாட்டின் அந்நியச் செலாவணிக் கவலை அவருக்கு. திருட்டுத் தொழிலையும் தேசத் தொண்டாகக் கருதும் கனவான். இந்த வேடத்தில் நோயல் கவர்ட். நாடக ஆசிரியர், பாடகர், நடிகர், ஆங்கில நாகரிகத்தின் நடமாடும் அடையாளம் என்று அரை நூற்றாண்டாகப் பெயர் வாங்கியவர். அவர் நடித்த கடைசிப் படம் இதுதான். இயக்குநர் பீட்டர் காலின்சன் சிறுவயதில் நடிகர்களின் பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தில் வளர்ந்தவர். அந்த இல்லத்தின் தலைவராக இருந்தவர் கவர்ட். சிறுவனுக்கு அவர்தான் ஞானத்தந்தை. அந்த உறவில்தான் இந்த வேடமும் அமைந்தது. திரையில் அரசியின் படத்தை மாட்டிக்கொண்டு திருடர்களை ஆண்ட அந்தக் கிழவருக்கு 1970இல் நிஜமான அரசி நிஜமாகவே 'சர்' பட்டம் கொடுத்தார்.

பிரிட்ஜரைத் தனியாகச் சந்திக்க சார்லி என்ன செய்கிறான் தெரியுமா? விடுதலையான அதே சிறைக்குள் இரவோடு இரவாக நுழைந்து, பெரியவரின் கழிப்பறையில் காத்திருக்கிறான். பிரிட்ஜர் செய்தித்தாளோடு உள்ளே வருகிறார். சிறைக்குள் ஒருவன் புகுந்துவிட்டானே என்ற அதிர்ச்சி அவர் முகத்தில் இல்லை. கழிப்பறைக்குள் வந்துவிட்டானே என்ற கோபம்தான். மரியாதை கெட்டுப்போனதாகச் சிறை அதிகாரியிடமே புகார் செய்கிறார். படத்தின் நகைச்சுவை முழுவதும் இந்த வகைதான். குற்றம் யாருக்கும் உறுத்தவில்லை. முறை தவறுவதுதான் உறுத்துகிறது.

இனி, இது 1969இன் ஆங்கிலேயருக்கு ஏன் அப்படி இனித்தது என்று பார்க்கலாம். அந்தப் பத்தாண்டின் பின்னணி தெரியாமல் இதற்குப் பதில் கிடைக்காது.

1963 ஆகஸ்டில் கிளாஸ்கோவிலிருந்து லண்டன் போன அஞ்சல் ரயிலை ஒரு கும்பல் நிறுத்தி 26 லட்சம் பவுண்டு கொள்ளையடித்தது. ரயில் ஓட்டுநரை அடித்துக் காயப்படுத்தியிருந்தார்கள். இருந்தாலும் பொதுமக்களில் பெரும்பகுதி அந்தத் திருடர்களைச் சூரர்களாகவே பேசியது. அவர்களில் ஒருவரான ரானி பிக்ஸ் 1965இல் சிறைச் சுவரேறித் தப்பினார். கும்பலின் தலைவர் புரூஸ் ரெனால்ட்ஸ் பிடிபட்டது 1968 நவம்பரில்தான். அதாவது இந்தப் படம் தயாராகிக்கொண்டிருந்த ஆண்டில். கச்சிதமாகத் திட்டம் போட்டுப் பெருந்தொகையை அடிக்கும் கும்பல் என்பது அன்றைய பார்வையாளருக்குக் கற்பனைச் சரக்கல்ல, காலையில் செய்தித்தாளில் பார்த்த முகங்கள்.

இன்னொரு பக்கம் நாட்டின் நிலைமை. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர பிரிட்டன் கேட்டது. பிரெஞ்சு அதிபர் டிகால் 1963இல் ஒரு முறை, 1967இல் மறுமுறை கதவைச் சாத்தினார். அதே 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலருக்கு இறக்க வேண்டியதாயிற்று. பெருமைப்பட 1966 உலகக்கோப்பைக் கால்பந்து வெற்றி இருந்தது, மினி கார் இருந்தது, பாட்டுகள் இருந்தன. கஜானாவில்தான் காசில்லை. ஐரோப்பியக் கண்டத்துக்குப் போய், அங்கே உள்ள தங்கத்தை அள்ளிக்கொண்டு வரும் லண்டன் திருடர்கள் என்ற கற்பனை அந்த நேரத்தில் எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. திருட்டு நடக்கும் நாளில் டூரினில் இங்கிலாந்துக்கும் இத்தாலிக்கும் கால்பந்து ஆட்டம் என்று வேறு கதையில் வைத்திருக்கிறார்கள். கும்பல் ரசிகர் கூட்டத்தோடு கூட்டமாக ஊருக்குள் நுழைகிறது.

மினிக்கும் ஒரு பழைய கணக்கு இருந்தது. 1956 சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, சிறிய இடத்தில் நான்கு பேர் உட்காரும்படி அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வந்த கார் அது. கடைக்குப் போக வாங்கும் வண்டி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது மான்டி கார்லோ ராலி என்ற புகழ்பெற்ற கார்ப் பந்தயத்தில் 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளில் முதலிடம் பெற்றது. நடுவில் 1966இல் நடந்தது இன்னும் சுவையானது. முதல் மூன்று இடங்களிலும் மினிகளே வந்தன. முகப்பு விளக்குகள் விதிக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி மூன்றையும் நீக்கிவிட்டு, பரிசை ஒரு பிரெஞ்சு சிட்ரோயன் காருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் கொதித்தன. அதற்கு மூன்று ஆண்டு கழித்து, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று தேசியக்கொடி நிறத்தில் மூன்று மினிகள் இத்தாலியப் போலீசைச் சுற்றிச் சுற்றி அலைக்கழிப்பதைத் திரையில் பார்த்தால் கைதட்டாமல் என்ன செய்வார்கள்!

ஆனால் இந்தத் தேசபக்திக் கூத்தை யார் யார் சேர்ந்து எடுத்தார்கள் என்று பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பணம் அமெரிக்கர்களுடையது. இசை அமெரிக்கரான குயின்சி ஜோன்ஸ். லண்டன் கிழக்குப் பகுதியின் கொச்சை மொழியில் படத்தில் ஒரு கும்மாளப் பாட்டு வருகிறதே, அதற்கு மெட்டுப் போட்டவர் அவர். பாடல் வரிகள் மட்டும் லண்டன்காரரான டான் பிளாக் எழுதியவை. கார்களை ஓட்டிய சாகசக் குழு பிரெஞ்சுக்காரரான ரெமி ஜூலியனுடையது. கடைசியில் கைதிகள் எல்லோரும் தட்டுகளைத் தட்டி 'இங்கிலாந்து' என்று முழங்க, பிரிட்ஜர் அரசரைப் போல இறங்கி வருகிறாரே, அந்தச் சிறை டப்ளினில் உள்ள கில்மெய்னம். 1916 எழுச்சிக்காக அயர்லாந்து விடுதலை வீரர்களை ஆங்கிலேயர்கள் சுட்டுக்கொன்ற இடம்.

மினியைத் தயாரித்த பிரிட்டிஷ் நிறுவனம் இந்தப் படத்தை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்று தயாரிப்பாளர் மைக்கேல் டீலி பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டார். பெரும்பாலான கார்களைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்ததாம். ஃபியட் தலைவர் ஜானி அன்யெல்லியோ மினிக்குப் பதிலாகத் தங்கள் கார்களை வைத்தால் வேண்டிய அளவு கார்களும் பணமும் தருவதாகச் சொன்னார். டீலி மறுத்துவிட்டார். அப்படியும் அன்யெல்லி கோபித்துக்கொள்ளவில்லை. தன் சொந்தத் தொழிற்சாலையின் கூரையையே படப்பிடிப்புக்குத் திறந்துவிட்டார். ஊர்த் தெருக்களில் படமெடுக்கவும் வழி பிறந்தது. தன் ஊர்ப் போலீசை, தன் போட்டியாளரின் காரை வைத்துக் கேலி செய்யும் படத்துக்கு இப்படி உதவிய பெருந்தன்மையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இலவச விளம்பரத்தைப் பிரிட்டிஷ் நிறுவனம் தட்டிக்கழித்ததையும், இத்தாலிய நிறுவனம் அதன் மதிப்பை உடனே புரிந்துகொண்டதையும் சேர்த்துப் பார்த்தால், பின்னால் 1975இல் அந்த நிறுவனம், அதாவது பிரிட்டிஷ் லேலண்ட், அரசின் கைக்குப் போனது ஆச்சரியமாகத் தோன்றாது.

அந்தக் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. லிங்கோட்டோ என்ற அந்தத் தொழிற்சாலை 1923இல் திறக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் மூலப்பொருள் நுழையும்; மாடி மாடியாக ஏறும்போது காராக உருப்பெறும்; மொட்டை மாடிக்கு வந்ததும் அங்கேயே சரிவான வளைவுகளோடு அமைத்திருக்கும் சோதனை ஓட்டப்பாதையில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஃபியட் கார்கள் சுற்றிய அந்தப் பாதையில்தான் மூன்று மினிகளும் போலீஸ் காருக்குப் போக்குக் காட்டுகின்றன. இன்று தொழிற்சாலை இல்லை. கடைகளும் ஓட்டலும் வந்துவிட்டன, மேலே 2021இல் தோட்டமும் போட்டார்கள். பாதை மட்டும் அப்படியே இருக்கிறது.

கடைசி அரை மணி நேரம்தான் படம் என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். மினிகள் கடைவீதிக் கூடத்துக்குள் புகுந்து, மேசைகளுக்கு நடுவே வளைந்து, கிரான் மாத்ரே தேவாலயத்தின் படிகளில் திருமண ஊர்வலத்துக்குக் குறுக்கே தடதடவென்று இறங்கி, போ ஆற்றின் தடுப்பணை மேல் தண்ணீரைச் சீறியடித்துக்கொண்டு கடந்து, பாதாளச் சாக்கடைக் குழாய்க்குள் நுழைகின்றன. (அந்தக் குழாய் இத்தாலியில் இல்லை, இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் எடுத்தது.) பிறகு ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸின் பின்பக்கச் சரிவுப் பலகை வழியாக ஒவ்வொன்றாக உள்ளே ஏறுகின்றன. கணினி வரைகலை எதுவும் கிடையாது. ஓட்டியவர்கள் நிஜமாகவே ஓட்டினார்கள். மினிகளும் போலீஸ் கார்களும் ஒரு பெரிய கண்காட்சி மண்டபத்துக்குள் வால்ட்ஸ் இசைக்கு நடனமாடுவது போல ஒரு காட்சிகூட எடுத்திருந்தார்கள். ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்கிறது என்று வெட்டிவிட்டார்கள்; வெட்டியது சரிதான்.

கணக்குப் பிடிக்கும் பார்வையாளர்கள் அன்றிலிருந்து ஒரு சந்தேகத்தை எழுப்பி வருகிறார்கள்; எனக்கும் அதில் ஆசை உண்டு. அன்று தங்கத்தின் அதிகாரபூர்வ விலை ட்ராய் அவுன்ஸுக்கு (சுமார் 31 கிராம்) 35 டாலர். 40 லட்சம் டாலருக்கு ஏறக்குறைய 3,550 கிலோ தங்கம் வரும். மூன்றாகப் பிரித்தால் ஒரு மினிக்கு 1,180 கிலோ. மினியின் எடையே சுமார் 650 கிலோ. தன்னைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு எடையைச் சுமந்துகொண்டு அது கூரைக்குக் கூரை பாய்கிறது! அச்சு முறிந்து நின்ற இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு பார்த்தாலும் ரசனை குறையவில்லை என்பதுதான் காலின்சனின் வெற்றி.

அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே தோற்றதற்கு விளம்பரத்தின் மேல்தான் பெரும்பாலோர் பழி போடுகிறார்கள். கெயினும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். படத்தை விளம்பரப்படுத்த அங்கே போனவர் கண்ணில் பட்ட சுவரொட்டி இது: இயந்திரத் துப்பாக்கியோடு ஒரு ரௌடி, முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஆடையற்ற பெண், அவள் முதுகில் கொள்ளைக்கான வரைபடம். அப்படியொரு காட்சியே படத்தில் கிடையாது. சார்லியின் வாயில் இயந்திரத் துப்பாக்கி என்ற சொல் வருவது ஒரு பொய்க்காகத்தான்: சிறையில் இருந்த காலத்தை மறைக்க, இந்தியாவில் மகாராஜாவுக்காகப் புலி வேட்டையாடினேன் என்று கார் கொட்டகைக்காரரிடம் அளக்கிறான். ஏகப்பட்ட புலிகளைச் சுட்டிருப்பீர்களே என்று அவர் வியக்க, ஆமாம், இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்தேன் என்கிறான். சுவரொட்டியைப் பார்த்த கெயின் அடுத்த விமானத்திலேயே ஊர் திரும்பிவிட்டாராம்.

சுவரொட்டி மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. 1969இன் அமெரிக்கத் திரையரங்கை நினைத்துப் பாருங்கள். 'மிட்நைட் கவ்பாய்', 'ஈஸி ரைடர்' என்று நாட்டின் மனச்சோர்வைப் பேசும் படங்களுக்குக் கூட்டம் போனது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கப் பார்வையாளருக்கு மினி ஒரு பொம்மைக் கார். மான்டி கார்லோ கோபம் தெரியாது. நோயல் கவர்ட் சிறைத் தாழ்வாரத்தில் நடந்துவந்தால் அதில் என்ன சிரிப்பு இருக்கிறது என்று தெரியாது. சிரிப்பு முழுவதும் ஊர்ச் சங்கதி. படத்தில் ஓரிடத்தில், மலைப்பாதையில் மாஃபியா கும்பல் வழிமறித்து ஜாகுவார் கார்களை நசுக்கிப்போடுகிறது. அவர்களைப் பார்த்து சார்லி மிரட்டுகிறான்: எங்களுக்கு ஏதாவது ஆனால் பிரிட்டனில் இருக்கும் இரண்டரை லட்சம் இத்தாலியர்களின் உணவகம், ஐஸ்கிரீம் கடை, சூதாட்ட விடுதி எல்லாம் நொறுங்கும் என்று. லண்டன் பார்வையாளர் தன் தெருமுனை ஐஸ்கிரீம் கடையை நினைத்துச் சிரிப்பார். ஓஹையோவில் இருப்பவர் எதை நினைப்பார்? இத்தனைக்கும் ஹாலிவுட்டில் உள்ள வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் ஆங்கில மொழி வெளிநாட்டுப் படப் பிரிவில் கோல்டன் குளோப் விருதுக்கு இதைப் பரிந்துரைத்திருந்தார்கள். டிக்கெட் வாங்குகிறவர்கள்தான் வரவில்லை.

பிரிட்டனில் படத்தின் மறுபிறப்பு 1970களின் நடுவில் தொலைக்காட்சிக்கு வந்தபின் தொடங்கியது. விடுமுறை தோறும் போட்டார்கள். திரையரங்கில் குறையாக இருந்ததெல்லாம் வீட்டில் வசதியாகிவிட்டது. கதை தளர்வாக இருக்கிறதா? எழுந்து போய்த் தேநீர் போட்டு எடுத்து வரலாம், ஒன்றும் தவறிப்போகாது. ஆபாசமில்லை, ரத்தமில்லை, தாத்தா முதல் பேரன் வரை உட்காரலாம். கார்த் துரத்தல் வரும்போது எல்லோரும் வந்துவிடுவார்கள். இரண்டு தலைமுறை இப்படி வளர்ந்ததில் வசனங்கள் மனப்பாடமாயின. ஒத்திகையில் வேனை வெடிவைத்துச் சுக்குநூறாக்கிவிட்ட ஆளிடம், கதவுகளை மட்டும்தானே தகர்க்கச் சொன்னேன் என்று கெயின் கத்தும் ஒற்றை வரி 2003இல் ஒரு கருத்துக்கணிப்பில் திரைப்பட ஒற்றை வரிகளில் முதலிடம் பெற்றது. அவரைப் போல மிமிக்ரி செய்யாத ஆங்கிலேயர் அபூர்வம். கும்மாளப் பாட்டைக் கால்பந்து ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1999இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் நூறு சிறந்த பிரிட்டிஷ் படங்களுக்கு வாக்கெடுத்தபோது இது 36ஆவது இடத்தில் வந்தது. மினி வைத்திருப்பவர்கள் 1990 முதல் இத்தாலிக்கு ஊர்வலமாகப் போய் அறக்கொடைக்குப் பணம் திரட்டுகிறார்கள்.

இப்போது முடிவுக்கு வருகிறேன். கேட்டவருக்கு அதுதான் பெரிய குறை. தங்கத்தை பஸ்ஸுக்கு மாற்றியாயிற்று. வேலை முடிந்த மினிகளை ஒவ்வொன்றாக மலைச்சரிவில் உருட்டிவிட்டார்கள் (கொடி நிறம் பூசிய அந்தக் கார்களை அப்படி அலட்சியமாகத் தள்ளிவிடுவதில் ஒரு குறும்பு இருக்கிறது). எல்லோரும் குடித்துக் கும்மாளமிட, ஆல்ப்ஸ் வளைவு ஒன்றில் பஸ் சறுக்கி, பின்பாதி பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் நிற்கிறது. தங்கம் பின்னால், மனிதர்கள் முன்னால். சார்லி ஊர்ந்து போகிறான். அவன் ஒரு அடி நகர்ந்தால் தங்கமும் ஒரு அடி விலகுகிறது. திரும்பிப் பார்த்து, பொறுங்கள், எனக்கொரு அருமையான யோசனை என்கிறான். கேமரா விலகுகிறது, பாட்டு ஆரம்பிக்கிறது, படம் முடிந்துவிட்டது.

இதில் ஏமாற்று வேலை இருப்பதாக அன்றும் சிலர் நினைத்தார்கள். எனக்கோ, அந்தக் காலத்துத் திருட்டு நகைச்சுவைகளுக்கு இருந்த ஒரு பெரிய தலைவலிக்கு இது மிகக் கெட்டிக்காரத்தனமான மருந்தாகத் தெரிகிறது. பார்வையாளர் திருடன் பக்கம். ஆனால் திருடன் தப்பிக்கக் கூடாது. அதனால் ஒன்றரை மணி நேரம் அவனை ரசிக்க வைத்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் கைவிலங்கு மாட்டுவது வழக்கம். 1951இன் 'தி லாவெண்டர் ஹில் மாப்' படத்தில் அலெக் கின்னஸ் தங்கத்தை உருக்கி ஈஃபில் கோபுரப் பொம்மைகளாக்கிக் கடத்துவார். கதை முழுவதையும் சொல்லி முடித்தபின்தான் அவர் கையில் விலங்கு இருப்பது நமக்குத் தெரியும். 1964இன் 'டாப்கபி' கும்பலும் சிறைக்குத்தான் போகிறது. 'லாவெண்டர் ஹில்'லுக்கு ஒளிப்பதிவு செய்த டக்ளஸ் ஸ்லோகோம்தான் 'இத்தாலியன் ஜாப்'புக்கும் ஒளிப்பதிவாளர். பதினெட்டு ஆண்டு கழித்து அதே கேமராக்காரர் முன்னால் வேறொரு விடை கிடைத்திருக்கிறது: திருடனுக்குத் தண்டனையும் இல்லை, தங்கமும் இல்லை. அறம் பேசுகிறவரும் சமாதானம், சார்லியின் ரசிகரும் சமாதானம்.

படத்தை இப்படி அந்தரத்தில் முடிக்கும் யோசனை தன்னுடையது என்று டீலி சொல்கிறார். எடுக்க நினைத்திருந்த அடுத்த படம் அங்கிருந்து தொடங்கும். ஹெலிகாப்டர் வந்து காப்பாற்றும். தங்கம் மாஃபியா கைக்குப் போகும். கெயின் 2008இல் சொன்ன விவரம் இது: சார்லி ஊர்ந்து போய் எஞ்சினைப் போட்டு, பெட்ரோல் தீரும்வரை நான்கு மணி நேரம் ஓடவிடுவான், பின்பாரம் குறைந்து பஸ் முன்பக்கம் சாயும், எல்லோரும் இறங்க, தங்கம் பள்ளத்தில் விழும், கீழே மாஃபியா காத்திருக்கும். அதே ஆண்டு பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி, பஸ்ஸையும் தங்கத்தையும் மீட்க ஒரு வழி சொல்லுங்கள் என்று போட்டியே வைத்தது. அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், ஹெலிகாப்டர் கூடாது. வென்ற விடை: பின்பக்கக் கண்ணாடிகளை வெளிப்பக்கமாக உடைத்து எடையைக் குறை, ஆட்டம் நிற்க முன் டயர்களின் காற்றை இறக்கு, எரிபொருளை வடித்துவிடு, ஒருவன் மெல்ல இறங்கிப் பாறைக்கற்களைப் பொறுக்கி முன்பக்கம் ஏற்று, பிறகு போய்த் தங்கத்தை எடு. முடிவைத் தெளிவாகச் சொல்லியிருந்தால் நாற்பது ஆண்டு கழித்து எந்த வேதியியல் கழகம் இதைப் பற்றி யோசித்திருக்கும்?

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் ஒரு மணி நேரம் துண்டு துண்டாக நகர்கிறது. கும்பலில் பாதிப் பேருக்கு முகம் உண்டு, குணம் கிடையாது. பெண்கள் எல்லோரும் அலங்காரப் பொருள்கள். சார்லியின் காதலியைத் திருட்டு தொடங்கும் முன்பே ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். கணிப்பொறிப் பேராசிரியராக வரும் பென்னி ஹில், பருத்த பெண்களைக் கண்டால் கை நீட்டுகிறவர் என்பதையே சிரிப்பாக வைத்திருக்கிறார்கள். அன்று சிரித்திருக்கலாம், இன்று முகம் சுளிக்கத்தான் தோன்றுகிறது. காலின்சனுக்கும் இதற்குப் பின் இந்த அளவுக்குப் பெயர் வாங்கிய படம் அமையவில்லை. 1980இல், 44 வயதில் இறந்துவிட்டார்.

2003 படத்தைப் பார்த்தால் போதுமா என்ற கேள்வி பாக்கி. எஃப். கேரி கிரே இயக்கி மார்க் வால்பெர்க் நடித்த அது, வசூலில் மூலப்படத்தைத் தூக்கிச் சாப்பிட்டது. துரோகம், பழிவாங்கல் என்று கதை கச்சிதமாக இருக்கிறது. தொடக்கமும் முடிவும் இருக்கிறது. அதில் வரும் மினிகளோ அதற்குள் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துடையவை ஆகிவிட்டன. சுரங்க ரயில் பாதையில் பெட்ரோல் எஞ்சினுக்கு அனுமதி இல்லாததால் சில கார்களை மின்சாரத்தில் ஓடும்படி மாற்றினார்கள். 2012இல் அப்பாஸ் மஸ்தான் உரிமை வாங்கி இந்தியில் 'பிளேயர்ஸ்' என்று எடுத்தார்கள். அது சரியாகப் போகவில்லை. இரண்டுமே திருட்டுப் படங்கள். சிரிப்பு அவற்றுக்குத் தொட்டுக்கொள்ளத்தான். 1969 படத்தில் திருட்டுத்தான் தொட்டுக்கொள்ள.

ஆகவே மூலப்படத்தையே பாருங்கள். பொறுமை குறைவு என்றால் மாட் மன்ரோ பாட, ஆரஞ்சு நிற லம்போர்கினி ஆல்ப்ஸ் மலைப்பாதையில் வளைந்து வளைந்து போகும் தொடக்கக் காட்சியை முழுதாகப் பார்த்துவிட்டு, கழிப்பறைச் சந்திப்பை மட்டும் தவறவிடாமல், டூரினில் விளக்குகள் குழம்பும் இடத்துக்குத் தாவிவிடலாம்.